சம்பளச் சனிக்கிழமை

காஜா பெராங், மலாக்கா
5 செப்டம்பர் 1957

தம்பி பொன்னுதுரைக்கு,

கர்த்தருடைய பந்தியில் வைத்து நீ எனக்கு மது கொடுத்தாய். நடந்தது இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லமாட்டேன்.

பெயருக்கு முன்னால் 'பிரியமான' என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை விட்டுவிட்டேன். மறதியால் விடவில்லை.

போன ஞாயிறு செப்டம்பர் முதல் தேதி. நாட்டுக்கு விடுதலை கிடைத்த மறுநாள். சபையில் நிற்க இடமில்லாத கூட்டம். நாடு தன்னைத்தானே ஆளத் தொடங்கிவிட்டது, மனுஷன் தன்னை ஆளுகிறானா என்று போதகர் கேட்டார். ஆவியின் கனிகளில் இச்சையடக்கம் ஏன் கடைசியில் நிற்கிறது, மற்றதெல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்றார். நான் முதல் பெஞ்சில் இருந்து தலையாட்டினேன். இருபத்தொரு வருஷமாகத் தலையாட்ட எனக்கு உரிமை உண்டு.

அரை மணி கழித்து முழங்காலிட்டேன். நீ தட்டோடு வந்தாய். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்து வாயில் கவிழ்த்தேன். தொண்டைக்குப் போகுமுன் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. வேறு எந்த இடமாக இருந்தாலும் துப்பியிருப்பேன். அங்கே எப்படித் துப்புவது? விழுங்கினேன். நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ அடுத்த ஆளிடம் போய்விட்டாய். அடுத்த ஆள் சின்னப்பா. எண்பது வயசுக் கிழவர், பந்தியில் கண்ணைத் திறந்து நான் பார்த்ததில்லை. அன்று கண்ணைத் திறந்து, நாக்கைச் சப்புக்கொட்டி, இன்னொன்று கிடைக்குமா என்பதுபோல் தட்டைப் பார்த்தார். ஆகையால் என் நாக்கு பொய் சொல்லவில்லை.

நம் சபையில் பந்திக்கு மது கிடையாது, காய்ந்த திராட்சையைக் காய்ச்சிய சாறுதான். உன் அக்கா இருபது வருஷம் தன் கையால் காய்ச்சினாள். அவள் போன பிறகு போதகர் அம்மா காய்ச்சினார்கள். அந்த அம்மா ஊருக்குக் கப்பல் ஏறியதும் வேலை உன்னிடம் வந்தது. முதல் தடவையே நீ கஷ்டப்பட விரும்பாமல் கடையில் போத்தல் வாங்கி ஊற்றிவிட்டாய். பண்டிகை நாள், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருப்பாய்.

எனக்குத் தெரிந்தது. நான் என்னவாக இருந்தவன் என்று உனக்கும் தெரியும். ரோட்டு இலாகாவில் சம்பளம் வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போய், திங்கட்கிழமை மண்வெட்டியைத் தேடியவன். உன் அக்கா கழுத்தில் இருந்ததைக் கழற்றிக் குடித்தவன். 1936இல் மதுவிலக்கு உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் ஒரு சொட்டு இல்லை. நீ கொடுத்த அந்த ஒரு சொட்டுவரைக்கும்.

நேரில் வந்து கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியவில்லை. எழுதினால் கிழித்துப் போடலாம். இது மூன்றாவது தாள்.

வரும் ஞாயிறு பிரசங்கத்துக்கு முன் நீ எழுந்து நின்று, கடைச் சரக்கை வாங்கி ஊற்றினேன் என்று சபைக்கு முன் சொல்லவேண்டும். அதுவரை நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன்.

சா. தம்பிராஜா
செயலாளர், மதுவிலக்குச் சங்கம்


பத்து பெரெண்டாம்
10 செப்டம்பர் 1957

கர்த்தருக்குள் அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

பொன்னுதுரை எழுதுவது. நானும் விஜயாவும் பிள்ளைகளும் தேவ கிருபையால் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல். ஞாயிறு சபையில் உங்கள் இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் உட்காரப் போனார், சின்னப்பா தாத்தா கைத்தடியை நீட்டித் தடுத்துவிட்டார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் இன்னும் பாடம் தொடங்கினபாடில்லை. பிள்ளைகள் காலையிலிருந்து புதுத் தேசிய கீதத்தையே பாடுகிறார்கள். முதல் வரி எல்லாருக்கும் தெரிகிறது, இரண்டாவது வரியில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைக்கிறார்கள். வாத்தியாரான நானும் அப்படித்தான், உங்களிடம் சொல்வதற்கென்ன.

அத்தான், உங்கள் கடிதத்தை வாசித்தேன். நான் கடையில் எதுவும் வாங்கவில்லை. திராட்சையை இந்தக் கையால் ஊறவைத்து இந்தக் கையால் பிழிந்தேன். கொஞ்சம் புளிப்பாக இருந்தது உண்மை. திராட்சை அப்படி என்று நினைத்தேன். எனக்கு அந்த ருசி தெரியாது. தெரியாததற்குக் காரணம் நீங்கள்தான். நான் சிறுவனாக உங்கள் வீட்டில் வளர்ந்தபோது உங்களைப் பார்த்தே அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டேன்.

ஒன்று ஞாபகப்படுத்தலாமா? கோபிக்கக்கூடாது. ஆகஸ்டு 24ஆம் தேதி நான் சைக்கிளில் வந்தேன். அக்கா சாறு காய்ச்சும் நீல எனாமல் சட்டியைக் கேட்டேன். எப்படிக் காய்ச்சுவாள், எத்தனை தடவை என்று கேட்டேன். நீங்கள் வாசலில் நின்றபடியே, "அவள் சட்டியைத் தொட இந்த வீட்டில் ஆள் இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா போய் அப்போது ஆறு மாசம்கூட ஆகவில்லை. எனக்கும் அந்தச் சட்டியைப் பார்க்கத் தைரியம் இல்லைதான்.

மதியம் என்ன சாப்பிடுகிறீர்கள்? விஜயா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். பால்காரரிடம் ஒரு ஜாடி கொடுத்தனுப்புகிறோம். ஜாடியைத் திருப்பி அனுப்பவேண்டாம். ஊறுகாயையும் திருப்பி அனுப்பவேண்டாம்.

உங்கள் அன்புத் தம்பி,
பொன்னுதுரை


காஜா பெராங்
17 செப்டம்பர் 1957

தம்பி பொன்னுதுரைக்கு,

ஜாடி வந்தது. மேசைமேல் இருக்கிறது. திறக்கவில்லை.

நீ வாத்தியார். வார்த்தையை மெதுவாக வைத்து எழுத உனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் கண்டவன் அல்ல. மத்தியானம் சோற்று நேரத்தில் ரோட்டோரம் தார் பீப்பாய்மேல் உட்கார்ந்து, வேதத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தவன். எனக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் நேர்க்கோடு. 'கொஞ்சம் புளிப்பு' என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் புளிப்பு என்பது ஊறுகாய்க்குச் சொல்லவேண்டியது.

சட்டியைக் கேட்டாய், கொடுக்கவில்லை. அது என் வீட்டுக் காரியம். சட்டி இல்லாவிட்டால் வேறு சட்டி இல்லையா மலாக்காவில்? ஜாலான் பெண்டஹாராவில் கடைக்குக் கடை தொங்குகிறது. அதை ஒரு காரணமாக என்னிடம் கொண்டுவராதே.

உனக்குத் தெரியவேண்டும் என்பதற்காக மற்றதையும் சொல்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பகலில் ஒன்றுமில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஆரம்பிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது. எழுந்தால் வாசலுக்குப் போகச் சொல்கிறது. வேதத்தை எடுத்து வைத்தால் ஒரே வரியை நாலு தடவை வாசிக்கிறேன். பெருக்கின இடத்தையே பெருக்குகிறேன். பிறகு நடக்கிறேன். காஜா பெராங்கிலிருந்து ஜாலான் பெண்டஹாரா வரைக்கும், அங்கிருந்து ஆற்றுப் பக்கம், திரும்பவும். விடுதலை நாளுக்குக் கட்டிய மெர்டேக்கா வளைவுகளில் தென்னோலைத் தோரணம் காய்ந்து சருகாகித் தொங்குகிறது, யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கும் பொறுப்பு யாருடையது என்று ஒருவனைக் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் கால் என்னைக் கள்ளுக்கடைப் பக்கம் கொண்டுபோனது. வாசலில் மருதமுத்து இருந்தான். நான் மேஸ்திரியாக இருந்தபோது என் கீழே கல் உடைத்தவன், ஞாபகம் இருக்கும். பக்கத்தில் இருந்தவனை நகரச் சொல்லிவிட்டு, "வாங்க மண்டோர், இருபது வருஷமா உங்க இடத்தைத் துடைச்சுத் துடைச்சு என் துண்டே கிழிஞ்சுபோச்சு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கடந்து போய்விட்டேன். ஆனால் பெஞ்சைப் பார்த்தேன். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அதையும் எழுதுகிறேன். மறைத்து எழுதுவது என் பழக்கம் இல்லை.

போன சனிக்கிழமை சம்சுச் சாராயம் ஒரு போத்தல் வாங்கினேன்.

பயப்படாதே. குடிக்க வாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, உன் அக்காவின் நீலச் சட்டிக்குள் நிறுத்தி, சமையலறைப் பலகைமேல் வைத்தேன். ஆறு மணிக்கு அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருகிறேன். போத்தல் வா என்கிறது, நான் வரமாட்டேன் என்கிறேன். ஒன்பது மணிக்கு எழுந்து படுக்கப் போகிறேன். நேற்றோடு மூன்று நாள். இதுவல்லவா இச்சையடக்கம்? போதகர் புத்தகம் பார்த்துச் சொல்கிறார். நான் செய்து காட்டுகிறேன். கள்ளுக்கடை இல்லாத காட்டில் போய் உட்கார்ந்துகொண்டு குடிக்கவில்லை என்பவன் என்ன பெரியவன்?

இரண்டு வருஷத்துக்கு முன்னே ஜெயபாலனை உறுதிமொழிப் புத்தகத்திலிருந்து எடுத்தபோது நீங்கள் எல்லாரும் முணுமுணுத்தீர்கள். சின்னப்பையன், ஒரு தடவைதானே குடித்தான், கல்யாண வீட்டில்தானே என்றீர்கள். நான் சபையில் எழுந்து அவன் பெயரை வாசித்து, எல்லார் கண் முன்னேயும் கோடு போட்டேன். அப்புறம் அவன் வரவில்லை. வராதவன் போகட்டும் என்றேன். நான் நிற்கிறேன், அவனால் நிற்க முடியாதா என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

அக்டோபர் ஆறாம் தேதி அடுத்த பந்தி. அதற்குள் நீ எழுந்து சொல்லாவிட்டால் வட்டாரக் கமிட்டிக்கு எழுதுவேன். உன் பெயரைப் போட்டு எழுதுவேன். என் பெண்டாட்டியின் தம்பி என்று பார்க்கமாட்டேன்.

சா. தம்பிராஜா
செயலாளர்


பத்து பெரெண்டாம்
22 செப்டம்பர் 1957

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவைத் தட்டினேன். உள்ளே உங்கள் இருமல் கேட்டது. பத்து நிமிஷம் நின்றேன். பக்கத்து வீட்டுச் செட்டி நடராஜன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, ஆள் உள்ளேதான் இருக்கிறார், ஆனால் உனக்கு இல்லை என்று, தமிழ் மறந்த மலாக்காச் செட்டியல்லவா, மலாயில் சொல்லிச் சிரித்தார். திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். விஜயாவிடம் காட்டவில்லை.

முதலில் என் தப்பு. இந்த முறை 'கொஞ்சம்' என்ற சொல் இல்லாமல் எழுதுகிறேன்.

பண்டிகைக்குக் கடைகள் சாத்திவிடுவார்கள் என்று பயந்து, புதன்கிழமையே திராட்சை வாங்கி ஊறவைத்தேன். வெள்ளிக்கிழமை பிழிந்து போத்தலில் அடைத்தேன். காய்ச்சவேண்டும் என்று தெரியும். சனிக்கிழமை காய்ச்சிக்கொள்ளலாம் என்று விட்டேன். சனிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். சபை வாசலில் கொடிக்கம்பம் நட்டோம். குழி நேராக இல்லை என்று நீங்கள் என்னை இரண்டு தடவை மூடி மூன்றாம் தடவை வெட்ட வைத்தீர்கள். பிறகு வேலிக்குச் சுண்ணாம்பு. இருட்டும்போதுதான் வீட்டுக்குப் போனேன். அப்படியே படுத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோது சோடா மாதிரி உஸ்ஸென்று பொங்கியது. நல்ல சாறு போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், அத்தான். இவ்வளவு மூடன் நான். நாலு நாள் இந்த வெயிலில் காய்ச்சாமல் கிடந்தால் அது என்னவாகும் என்று பெரிய வகுப்புப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

அக்டோபர் ஆறாம் தேதி எழுந்து நின்று இதைச் சொல்கிறேன். நீங்கள் கமிட்டிக்கு எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. சட்டியைக் கேட்டு வந்த நாளைப் பற்றிச் சொல்லமாட்டேன். அது எனக்கும் உங்களுக்கும் உள்ளது.

இனி எழுதப்போவதை எழுதக்கூடாது. அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்று மீறுகிறேன். அவள் என்னை மன்னிப்பாள் என்று நினைக்கிறேன். போத்தல் எந்தச் சட்டிக்குள் நிற்கிறது என்று தெரிந்தால் நிச்சயம் மன்னிப்பாள்.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவளுக்கு உடம்பு முடியவில்லை. ஏன் சனிக்கிழமை சாயங்காலமே இந்த வேலையை வைத்துக்கொள்கிறாய், வியாழக்கிழமை பகலில் காய்ச்சி வைத்தால் போதாதா என்று கேட்டேன். சிரித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"திராட்சை எந்த நாளும் கொதிக்கும் தம்பி. சம்பளச் சனிக்கிழமை ஆறு மணிக்கு உங்க அத்தான் விசிறியோட இந்த அடுப்பு முன்னால உட்கார்ந்திருக்கணும். எனக்கு அதுதான் கணக்கு."

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். ரோட்டு இலாகாவில் மாசக் கடைசிச் சனிக்கிழமை சம்பளம். நம் சபையில் மாச முதல் ஞாயிறு பந்தி. ஒன்று அந்தச் சனியே காய்ச்சுவாள், இல்லாவிட்டால் அன்று திராட்சை ஆய்ந்து, பழைய சாறைச் சுண்டவைத்து, எப்படியாவது அடுப்பை மூட்டி உங்களிடம் விசிறியைக் கொடுத்துவிடுவாளாம். கள்ளுக்கடை மூடும் நேரம் வரைக்கும் தணலை விடக்கூடாது என்பாளாம். மற்றச் சனிக்கிழமைகளில் சபை விளக்குத் துடைப்பது, தட்டுக்குப் புளி போட்டுத் தேய்ப்பது. 1936இல் சபையில் சாறு காய்ச்ச ஆள் தேடியபோது அவளாகவே போய்க் கேட்டு வாங்கிய வேலை இது.

"நீ அவர்கிட்ட சொல்லிடாதே. தானா நிறுத்தினதா நினைச்சுக்கிட்டு இருக்கார். இருக்கட்டும்" என்றாள்.

அத்தான், நீங்கள் நிறுத்தவில்லை என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் போத்தலை எதிரே வைத்துக் காவல் இருப்பதுதான் இச்சையடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா இருபது வருஷம் செய்தது அதற்கு நேர்மாறானது. எது சரி என்று உங்களுக்குப் போதிக்க எனக்கு வயசில்லை. அதைக் கொட்டிவிடுங்கள் என்று கேட்க மட்டும் வயசிருக்கிறது.

உங்கள்
பொன்னுதுரை


காஜா பெராங்
30 செப்டம்பர் 1957

பிரியமான தம்பி பொன்னுதுரைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றே கிழித்துப் போட்டேன். புதன்கிழமை குப்பையிலிருந்து எடுத்து ஒட்டிவைத்தேன்.

கோபம் உன்மேல் இல்லை. அவள்மேல். என்னைக் கேட்காமல் என்னை வைத்து வேலை செய்திருக்கிறாள். இருபது வருஷம். உயிரோடு இருந்தால் நேருக்கு நேர் கேட்டிருப்பேன். வியாழன் முழுவதும் அவள் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை திருப்பிவிட்டேன்.

நீ எழுதியது பொய் என்று காட்ட நினைத்தேன். உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தேன். சம்பளத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பேன். சட்டையைக் கழற்றுமுன்னே கூப்பிடுவாள். எனக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு இரைக்கிறது, நீங்க கொஞ்சம் விசிறுங்க என்பாள். நான் எழுந்தால், தணல் அணையுது பாருங்க என்பாள். அவளுக்கு மூச்சிரைப்பு என்று இருபது வருஷம் நம்பினேன். மற்ற நாளெல்லாம் அதே கரி அடுப்பில்தான் சோறாக்கினாள். ஒரு நாள் அவளுக்கு மூச்சு இரைத்தது இல்லை. நான் ரோடு போட்டவன். மழைக்கு முன்னே எந்த இடத்தில் பள்ளம் விழும் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவன். என் வீட்டுக்குள் இருந்தது எனக்குத் தெரியவில்லை.

நேற்று முன்தினம் மாசக் கடைசிச் சனிக்கிழமை. இப்போது எனக்குச் சம்பளம் இல்லை, பென்ஷன்தான். ஆனாலும் உடம்புக்கு நாள் தெரிகிறது. ஐந்து மணிக்கே கால் ஆரம்பித்துவிட்டது. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அன்று நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. எழுந்து போத்தலைச் சட்டிக்குள்ளிருந்து எடுத்தேன். மூடிமேல் கை இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பதினான்கு நாள் ஜெயித்தேன் என்று உனக்கு எழுத நினைத்திருந்தேன். அந்தப் பதினான்கு நாளும் நான் போத்தலைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குடித்துக்கொண்டிருந்த நாளில்கூட அதை இவ்வளவு நினைத்ததில்லை.

போத்தலைத் தரையில் வைத்தேன். காலிச் சட்டி கையில் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதில் தண்ணீர் பிடித்தேன். அடுப்பை மூட்டினேன். விசிறி கதவுக்குப் பின்னால் அவள் வைத்த ஆணியிலேயே இருந்தது. உட்கார்ந்து விசிறினேன். வெறும் தண்ணீர் கொதித்தது. வற்றியது. திரும்ப ஊற்றினேன். செட்டி நடராஜன் வேலிமேல் எட்டிப் பார்த்து, "மாசாக் ஆப்பா?" என்றார். என்ன சமையல் என்கிறார். தண்ணீர் என்றேன். யாருக்கு என்றார். தணலை விசிறினேன். அவர் வேலியிலேயே சாய்ந்து நின்று, தன் மருமகளைப் பற்றி, மெர்டேக்கா வாணவேடிக்கையில் பயந்து ஓடிய தன் ஆட்டைப் பற்றி எல்லாம் பேசிக்கொண்டிருந்தார். இருபது வருஷப் பக்கத்து வீடு. அவருக்கு ஆடு இருப்பதே எனக்குத் தெரியாது. எட்டு மணிக்குக் கள்ளுக்கடை மூடும் நேரம் ஆயிற்று. தணலை விட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அந்தத் தணலுக்கு முன்னால் ஜெயபாலன் ஞாபகம் வந்தது. நான் நிற்கிறேன், அவனால் முடியாதா என்று சபையில் கேட்டேன். அவன் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் யார் விசிறியைக் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதல் கடிதத்தில் எழுதியதை நான் வாபஸ் வாங்கவில்லை. நீ எனக்கு மது கொடுத்தாய். அது நின்ற இடத்தில் நிற்கட்டும். ஆகஸ்டு 24ஆம் தேதி நான் சாத்திய கதவும் அதன் பக்கத்தில் நிற்கட்டும். அவள் எப்படிக் காய்ச்சினாள் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொடிக்கம்பக் குழி நேராக இல்லை என்பது மட்டும் உண்மை. இப்போதும் சாய்ந்துதான் நிற்கிறது.

இனி ஆகவேண்டியது:

ஒன்று. போத்தல். இன்னும் இருக்கிறது. நான் கொட்டவில்லை. கொட்டுவதென்றால் மூடியைத் திறக்கவேண்டும், திறந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ வியாழக்கிழமை வந்து எடுத்துப் போ. என் வீட்டில் திறக்காதே. காஜா பெராங் தாண்டிய பிறகு எந்தக் கால்வாயில் வேண்டுமானாலும் ஊற்று. ஊற்றிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிப் போடு. கதவு திறந்திருக்கும்.

இரண்டு. திராட்சை வாங்குவது நீ. வெள்ளிக்கிழமை, அதற்கு முன் வேண்டாம். ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடையில் கறுப்புத் திராட்சை கேள். பொன்னிறத் திராட்சை காட்டுவான், வாங்காதே.

மூன்று. சனிக்கிழமை காலையில் வெந்நீரில் ஊறவைப்பது நான். சாயங்காலம் பிழிந்து துணியில் வடிப்பது விஜயா, வந்தால். அவள் நீலச் சட்டியைத் தொடலாம். சாம்பல் போட்டுத் தேய்க்கக்கூடாது, எனாமல் போய்விடும்.

நான்கு. இரண்டு தடவை காய்ச்சவேண்டும். சனி சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, நன்றாகத் தளதளவென்று. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு இன்னொரு தடவை. இதுதான் நீ அன்று கேட்டது. விசிறுவது நான், மாசா மாசம். பந்தி இல்லாத வாரத்துச் சனிக்கிழமைகளில் சபை விளக்குகளை இங்கே கொடுத்தனுப்பு.

ஐந்து. ஜெயபாலன் வீட்டுக்குப் போவது நான். குருபோங்கில் மாமனார் வீட்டில் இருக்கிறான் என்கிறார்கள். நாளைக்கே போகிறேன். நீ கூட வரவேண்டாம். முகத்தில் அடித்தாற்போல் பேசினாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். நின்று முடித்த பிறகு, சனிக்கிழமை ஆறு மணிக்கு இங்கே ஒரு விசிறிதான் இருக்கிறது, இரண்டு வேண்டும் என்று சொல்வேன். வருவதும் வராததும் அவன் காரியம்.

ஆறு. உறுதிமொழிப் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் ஒப்படைப்பது நான். கோடு போட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஏழு. ஞாயிறு நீ எழுந்து சொல்லவேண்டியதைச் சொல். சுருக்கமாகச் சொல், பாடம் நடத்தாதே. நீ உட்கார்ந்த பிறகு சட்டியின் காரியத்தைச் சொல்வது நான். அதன் பிறகு யாரும் என் தோளில் கை போட்டு ஜெபிக்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. சின்னப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவை.

எட்டு. ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். உப்புக் குறைவு. விஜயாவிடம் சொல்லாதே.

ஒன்பது. ஞாயிறு காலை சாறு ஆறியதும் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கவேண்டும். ருசி பார்ப்பது நீ. நான் பார்க்கமாட்டேன்.

உன் அத்தான்,
தம்பிராஜா